தேன்கூட்டுக்குத் தீ வைக்கலாமா?

ஊருக்குள்ளே நிற்கும் முதிய புளியமரத்தின் பொந்திலோ, பள்ளிக்கூட வளாகத்து ஆலமரக் கிளையிலோ தேனீக்கள் குடியேறியிருப்பது தெரிந்த மாத்திரத்தில், இரவு வரும்வரை காத்திருந்து, நீண்ட கழியின் நுனியில் சாக்குத் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, அந்தக் கூட்டத்தை அடியோடு பொசுக்கிவிடுவதே நம்முடைய ஊர்களில் நெடுங்காலமாக நடந்துவருகிற பரிகாரம். அண்மைக் காலத்தில் பந்தத்தோடு பூச்சிமருந்துத் தெளிப்பானும் சேர்ந்துகொண்டிருக்கிறது. செய்பவர்களிடம் குரூர சுபாவம் ஏதும் இல்லை. குழந்தைகளைக் கொட்டிவிடுமே என்ற அச்சமும், வேறு உபாயம் தெரியாத திகைப்புமே அவர்களை இதற்குத் தூண்டுகின்றன. வேறு உபாயம் உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாக நம்முடைய குடியானவர்களின் கைகளிலேயே பழகிவந்திருக்கும் தொழில் அது. வேண்டிய நேரத்தில் அந்தத் தொழில் தெரிந்தவரை அழைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை. அந்த ஏற்பாட்டை அரசும் உள்ளாட்சி மன்றங்களும் செய்தே தீரவேண்டும் என்று வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

முதலாவதாக, மரத்தில் இருப்பது எது என்று அறிந்துகொள்ள வேண்டும். தஞ்சை, திருவாரூர்ப் பக்கங்களில் பனைமரங்களில் கூடு கட்டி, சில சமயங்களில் மனித உயிரையே வாங்கிவிடும் கதண்டு வேறு, தேனீ வேறு. கதண்டு தேன் சேர்ப்பதில்லை. அதைப் பெட்டியில் வைத்து வளர்க்கவும் இயலாது. தேனீயிலும் பல ஜாதிகள் உண்டு. உயர்ந்த மரக்கிளைகளிலும் நீர்த்தேக்கத் தொட்டிகளின் அடிப்புறத்திலும் முறம் போன்ற ஒரே பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடுவது மலைத்தேனீ. புதர்க் கொம்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அடை கட்டுவது கொம்புத் தேனீ. மரப்பொந்தின் இருட்டுக்குள்ளே வரிசையாகப் பல அடைகளைக் கட்டி வாழ்வது அடுக்குத் தேனீ; பெட்டியில் வளர்வதற்கு இசைந்த நம் நாட்டுத் தேனீ இதுவே. சுவர் இடுக்குகளில் வாழும் கொசுத் தேனீக்குக் கொட்டுவதற்குக் கொடுக்கே கிடையாது. இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பாவித்து ஒரே பந்தத்தைக் காட்டுவது, நோய் இன்னதென்று பாராமல் மருந்து கொடுப்பதற்குச் சமானம்.

அடுத்த கேள்வி, இருக்கிற கூட்டத்தை அகற்றத்தான் வேண்டுமா என்பது. சில சமயம் எங்கிருந்தோ பறந்துவந்த கூட்டமொன்று, அடை எதுவும் இல்லாமல், ஈக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு கொத்தாகக் கிளையில் தொங்கும். தாய்க்கூட்டிலிருந்து பிரிந்து, புது வீடு தேடிப் புறப்பட்ட கூட்டம் அது. காப்பாற்றுவதற்குப் புழுவும் தேனும் இல்லாத அந்தச் சமயத்தில் தேனீக்கள் பெரும்பாலும் சாந்தமாகவே இருக்கும். அவற்றின் ஒற்றர்கள் நாலா திசையும் சென்று பொந்துகளைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, கொத்தின் மேலேயே நடனமாடி, கண்ட இடத்தின் திசையையும் தூரத்தையும் மற்றவற்றுக்குத் தெரிவிக்கின்றன. தேனீக்களின் நடன மொழியைக் கண்டறிந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டவர் இதை விரிவாக ஆராய்ந்து விளக்கினார். சில மணி நேரத்திலோ, ஓரிரு நாட்களிலோ தாமாகவே புறப்பட்டுப் போய்விடும் இந்த விருந்தாளிகளை எரிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மரத்தடியில் ஒரு கயிற்றைக் கட்டி, பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

மலைத்தேனீயின் விஷயம் இதைக் காட்டிலும் கவனத்துக்குரியது. சீண்டப்பட்டால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும் ஜாதி அது. அதன் அபாயத்தைக் குறைத்துச் சொல்வது பொய்யாகும். ஆயினும் அது காரணமின்றித் தாக்குவதில்லை. தேன் பருந்து வந்து அடையைக் கொத்துவது, கீழே மூட்டிய புகை மேலே செல்வது, திருவிழா வெடி, சிறுவர்களின் கல் ஆகிய இவையே பெரும்பாலும் விபத்துகளுக்கு மூலமாக இருக்கின்றன. இந்தத் தேனீ பெட்டியில் தங்கி வளர்வதில்லை. ஆனால் பூக்காலத்தை ஒட்டி வந்து, சில மாதங்கள் இருந்துவிட்டு, இடம்பெயர்ந்து போவது அதன் இயல்பு. ஆள் நடமாட்டம் குறைந்த இடமாயின், அது போகும்வரை எச்சரிக்கைப் பலகை ஒன்றை வைத்துக் காத்திருப்பதே விவேகம். பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற இடமாயின், அனுபவமுள்ள தேன் எடுப்பவர்களைக் கொண்டு, மக்களை அப்புறப்படுத்தியபின், இதமான புகையால் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு அடையை அறுத்து எடுக்கலாம். நெருப்பினால் ஈக்களைப் பொசுக்குவது அதற்குத் தேவையில்லை.

பொந்தில் இருக்கும் அடுக்குத் தேனீயை இடம் மாற்றும் வேலையைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் அருகிலிருந்து காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சாலைக்காக வெட்டப்படவிருந்த ஓர் அயினி மரம். இடுப்புயரத்தில் ஒரு பொந்து. அதன் வாயில் ஈக்கள் போய்வந்துகொண்டிருந்தன. பிற்பகல் சாயும் நேரத்தில் வந்த தேனீ வளர்ப்பாளர், தேங்காய் மட்டையைப் புகைப்பானில் இட்டுப் பற்றவைத்து, இரண்டு மூன்று முறை மென்மையாகப் புகையைச் செலுத்திவிட்டு, சிறிது நேரம் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருத்தலில் சாஸ்திரம் இருக்கிறது. புகை பட்டதும் தேனீக்கள் வீட்டை விட்டு ஓட நேரிடுமோ என்று வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொள்கின்றன. குடித்தபின் அவற்றின் சினம் தணிகிறது. கொடுக்கிலிருந்து எழுந்து மற்ற ஈக்களைப் போருக்கு அழைக்கும் அபாய வாசனையையும் புகை மறைத்துவிடுகிறது.

பிறகு உளியால் பொந்தின் வாயைச் சற்றே அகலப்படுத்தி, அடைகளை ஒவ்வொன்றாக அடியோடு அறுத்து எடுத்தார். தேன் நிறைந்த பகுதியைத் தனியே ஒரு பாத்திரத்தில் வைத்தார்; கனத்த தேனடையைப் பெட்டியின் மரச்சட்டத்தில் கட்டினால் அது பிய்ந்து விழுந்து, தேன் ஒழுகி, ஈக்கள் அதில் மூழ்கி இறப்பதோடு எறும்புகளும் படையெடுத்துவிடும். முட்டையும் புழுவும் இருந்த அடைகளை மாத்திரம் சட்டத்தின் அளவுக்கு நறுக்கி, பொந்தில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே வரும்படி வைத்து, ஈர வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினார். அறைகள் எல்லாம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருப்பவை; தலைகீழாக்கினால் அந்த அமைப்பே கெட்டுவிடும். புழுக்கள் உயிரோடு வளர ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதால் அந்த வேலையில் அவர் கை வெகு துரிதமாக ஓடியது. வாழைநாரைப் பின்னர் அவிழ்க்க வேண்டியதில்லை. அடை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டபின் தேனீக்களே அதைக் கடித்து நீக்கிவிடுகின்றன.

மிகுதி ஈக்களைக் கையால் அள்ளிப் பெட்டியில் விட்டுக்கொண்டிருந்த அவரிடம், இன்னும் இவ்வளவு ஈக்கள் மரத்திலேயே இருக்கின்றனவே என்று நான் கவலைப்பட்டபோது, “ராணி கேறியாச்சுன்னா மத்ததெல்லாம் தானே கேறும் சார், அவசரம் கூடாது” என்றார். சற்று நேரத்தில் அது பிரத்தியட்சமாயிற்று. பெட்டியின் வாசலில் சில ஈக்கள் பின்புறத்தை உயர்த்திச் சிறகை விசிறத் தொடங்கின. அப்படி விசிறும்போது பரவும் வாசனையே மற்றவற்றுக்கு அழைப்பு. மரப்பட்டையில் அப்பியிருந்த கூட்டம் மெல்ல மெல்ல நடந்தே பெட்டிக்குள் போயிற்று. இருட்டியபின் வாசலை அடைத்து, பெட்டியைச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அருகிலேயே வைத்தால், மறுநாள் வெளியே பறக்கும் ஈக்கள் பழகிய மரத்துக்கே திரும்பிவிடும். ராணி வெளியேற முடியாதபடி வாசலில் சில நாட்கள் ஒரு தடுப்பு. ஆகாரத்துக்குச் சர்க்கரைப் பாகு. பெட்டியின் கால்களுக்கு எறும்பு ஏறாமல் நீர்க்கிண்ணங்கள். இவ்வளவே செலவு. அன்று மாலையில் ஒருவரையும் ஓர் ஈயும் கொட்டவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அருகிருந்த வீடுகளில் ஒரு குழந்தைக்கும் தீங்கு நேரவில்லை.

இந்தக் கலை நமக்கு வந்த வரலாறு பெருமைப்படத்தக்கது. திருச்சிராப்பள்ளியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன், அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் தேனீப் பெட்டிக்கென வகுத்த தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டு, நம்முடைய சிறிய தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியொன்றை அமைத்து, 1911 முதல் 1917 வரை பலருக்குப் பயிற்சி அளித்தார். அந்தப் பெட்டி இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம், ஏழைக் குடும்பங்களின் உபதொழிலாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பிற்று. மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறதென்றால், அதன் அடியில் இருப்பது, பொந்திலிருந்து தேனீயைக் கொல்லாமல் எடுக்கத் தெரிந்த எளிய மனிதர்களின் கைத்திறமைதான்.

பொந்துத் தேனீக்களைக் காப்பதில் நமக்குச் சுயநலமும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி, பெட்டிகளில் வளர்ந்த நாட்டுத் தேனீக்களைப் பெருவாரியாக அழித்தது. அத்தகைய பேரழிவுக்குப் பிறகு இத்தொழில் மீண்டும் தலையெடுக்க வேண்டுமானால், நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்களே அதற்கு விதை. காட்டிலும் பொந்திலும் மனித உதவியின்றித் தாமே வாழும் கூட்டங்கள் அந்த விதையைத் தாங்கி நிற்கும் களஞ்சியம். தென்னை, முருங்கை, சூரியகாந்தி, பூசணி ஆகியவற்றின் மகசூலுக்குத் தேனீ செய்யும் உதவியை விவசாயிகள் நன்கறிவார்கள். நாம் எரிக்கும் ஒவ்வொரு கூடும் பக்கத்துத் தோட்டத்து உழைப்பாளிகளின் குடியிருப்பே.

கொல்வதால் தொல்லை தீர்ந்துவிடும் என்பதும் சரியன்று. மருந்தடித்துக் கொன்றால், பொந்துக்குள் இருக்கும் அடைகள் காவலின்றிக் கிடந்து, தேன் ஒழுகி, எறும்பும் மெழுகுப் பூச்சியும் சேரும். விஷம் கலந்த அந்தத் தேனை வேறு கூட்டத்து ஈக்கள் வந்து சுமந்து செல்லும். விஷயம் அறியாத மனிதரும் அதை எடுத்து உண்ணக்கூடும். மெழுகின் வாசனை இருக்கிறவரை அதே பொந்துக்குப் புதிய கூட்டம் வந்து சேரவும் இடமுண்டு. சுத்தமாகச் சுரண்டி எடுத்து வாயை அடைப்பதே நிரந்தரப் பரிகாரம். பெட்டிக்கு மாற்றுகிறவர் அதைத்தான் செய்கிறார். பந்தமோ, காய்ந்த மரத்தையும் அருகிருக்கும் கூரையையும் பற்றிக்கொள்ளக்கூடிய அபாயம் உடையது.

கொட்டினால் ஒவ்வாமையினால் உயிர் போகக்கூடிய மனிதர்களும் உண்டே, அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் கூட்டுக்குக் கருணை காட்டிக் காலம் தாழ்த்தலாமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. மனித உயிர் முதன்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உடனடி அபாயம் இருந்து, தகுந்த ஆளும் கிடைக்காதபோது, அழித்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலை ஏற்படலாம். ஆனால் அந்தத் தகுந்த ஆள் கிடைக்காமற் போவதே நம்முடைய ஏற்பாட்டின் குறை. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் வந்தவுடன் வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து ஓடிவருகிறார்கள். அவர்கள் கையில் தீயும் நீரும் மருந்துமே இருந்தால், அவற்றைத்தானே அவர்கள் உபயோகிப்பார்கள்?

ஆகவே செய்ய வேண்டியவை இவை. பயிற்சி பெற்ற தேனீ வளர்ப்பாளர்களின் பட்டியல் தாலுகா தோறும் தீயணைப்பு நிலையத்திலும் ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களிலும் இருக்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையும், கதர் கிராமத் தொழில் ஆணைக்குழுவும் தேனீ வளர்ப்பில் பயிற்சி அளித்துவருகின்றன. அங்கே பயின்றவர்களைக் கொண்டே இந்தப் பட்டியலைத் தொடங்கலாம். அழைக்கப்படுகிறவருக்குரிய கூலியை உள்ளாட்சி மன்றம் கொடுக்க வேண்டும். தேனை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது தேனுக்காகக் கூட்டைச் சிதைக்கும் ஆசையைத்தான் வளர்க்கும். தீயணைப்பு வீரர்களுக்குத் தேனீ இன்னது, கதண்டு இன்னது, புறப்பட்டு வந்த கொத்து இன்னது என்று பிரித்தறியும் பயிற்சியும், நிலையத்துக்கு ஒரு புகைப்பானும் முகவலையும் காலிப் பெட்டியும் தரப்பட வேண்டும். சாலை அகலப்படுத்துவதற்காக மரம் வெட்டும் ஒப்பந்தங்களில், வெட்டுமுன் பொந்துகளைச் சோதித்து, கூட்டம் இருந்தால் அதை இடம் மாற்றிய பிறகே கோடரி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் பெரும் பொருட்செலவோ புதிய சட்டமோ அவசியமில்லை. வருகிற கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ‘நம்முடைய ஊரில் தேன்கூட்டை இனி எரிப்பதில்லை, அகற்ற வேண்டியிருந்தால் இன்னாரை அழைப்போம், அவருக்கு இவ்வளவு கூலி கொடுப்போம்’ என்று ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. அந்த ஒரு தீர்மானத்தை நிறைவேற்றும் ஊர், தன் குழந்தைகளையும் தன் தோட்டங்களையும் ஒருசேரக் காத்துக்கொள்ளும்.