பிள்ளை பெற்றவளுக்குச் சினைப்பை எதற்கு?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளப் போகும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் முன் நம் சமூகம் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: 'பிள்ளை இருக்கிறதா?' இருக்கிறது என்று பதில் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அந்தக் கதிரில் அவளுடைய இரண்டு சினைப்பைகளும் செயலிழக்கப் போகின்றன என்பதை அவளிடம் சொல்லவேண்டும் என்று பெரும்பாலும் எவருக்கும் தோன்றுவதில்லை. இந்த மௌனத்தைக் கருணை என்று சொல்ல நான் தயாராக இல்லை.

எங்கள் பக்கத்தில் 'கரண்டு வைக்கிறது' என்று சொல்லப்படும் இந்தச் சிகிச்சையில், இடுப்புப் பகுதிக்கு வழக்கமாக 25 தவணைகளில் 45 முதல் 50 கிரே வரை கதிர் செலுத்தப்படுகிறது. சினைப்பையிலுள்ள கருமுட்டைகளில் பாதியை அழிக்க 2 கிரேயே போதும். விளைவு, முப்பத்தைந்தில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. உடலெங்கும் அனல், உறக்கமின்மை, உறவில் வலி, எலும்புத் தேய்வு, இதயநோய்க்கான கூடுதல் வாய்ப்பு ஆகியவை பின்தொடர்கின்றன. நோயிலிருந்து மீண்டவள் இத்தனையையும் நாற்பது ஆண்டுகள் சுமக்கவேண்டி வரலாம்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. கதிர்வீச்சு தொடங்குமுன் சினைப்பைகளை அவற்றின் இரத்தக் குழாய்களோடு சேர்த்தே விடுவித்து, இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேலே, வயிற்றின் பக்கவாட்டில் தைத்துவிடுகிறார்கள். புதிய இடம் படத்தில் தெரியவேண்டும் என்பதற்காகச் சிறு உலோகக் கவ்விகளைப் பொருத்துகிறார்கள். 1950களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதப்பட்ட முறை இது. இன்று சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் செய்துவிட முடிகிறது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். புற்று சினைப்பைக்கும் பரவியிருந்தால் என்ன செய்வது? செதிள் செல் வகைப் புற்றில், ஆரம்ப நிலையில், அது அரிது. சுரப்பி வகையில் கூடுதல். ஆகவே ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே ஆராய்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். பலன் உறுதியா? இல்லை. சிதறும் கதிராலும் இரத்த ஓட்டக் குறைவாலும், உடன் தரப்படும் மருந்துகளாலும் சிலருக்குப் பயனற்றுப் போகிறது. நாற்பதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. முற்றிய நிலையில் வருபவர்களுக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போட அவகாசம் இராது. இவையெல்லாம் அவளோடு பேசவேண்டிய செய்திகள். அவளோடு பேசாமலிருப்பதற்கான காரணங்களாக இவற்றைக் காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். கதிர் பட்ட கருப்பை மீண்டும் கருவைச் சுமப்பது அரிது. ஆக, இந்த அறுவையின் முதல் பயன் பிள்ளை அல்ல, அவளுடைய உடலே. 'பிள்ளை இருக்கிறதே' என்ற பதில் கேட்கப்படாத கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்.

இலக்கிய இதழ் வாசிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நோய் மருத்துவருடையது, மொழி நம்முடையது. 'கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க' என்ற ஒரே வாக்கியத்தில் கருப்பையும் சினைப்பையும் ஒன்றாகிவிடுகின்றன. 'சூலகம்' தாவரவியல் பாடத்துப் பூவோடு நின்றுவிட்டது. 'சினைப்பை' நீர்க்கட்டிக்கான விளம்பரப் பலகையில்தான் கண்ணில் படுகிறது. சினை என்றால் உறுப்பு என்று இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அந்த உறுப்புக்குக் கருவைத் தவிர வேறு வேலை உண்டு என்று சொல்ல மறந்தோம். பெயரே தெரியாத ஒன்றைக் காப்பாற்றித் தாருங்கள் என்று ஒருத்தி எப்படிக் கேட்பாள்?

நான் வாழும் அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்பது மரபு. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய கோயிலில் அம்மனின் பெயர் உண்ணாமுலை. பிள்ளை வாய் வைக்காத முலையையே பெயராகக் கொண்டவள் அவள். ஈசனின் இடப்பாகத்தை அவள் பெற்றது தவத்தால், பிள்ளைப்பேற்றால் அன்று. அந்தப் பெயரைச் சொல்லி மலையைச் சுற்றி வரும் ஊரே, வீட்டுப் பெண்ணின் உடலைப் பிள்ளைக் கணக்கில் மட்டும் அளக்கிறது.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கிய மாநிலம் இது. இங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. 2022இன் உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. அவர்களில் இளையவர்களுக்கேனும், முதல் தவணைக்கு முன், அவர்களுக்குப் புரியும் தமிழில், கணவரிடமோ மாமியாரிடமோ அல்லாமல் அவர்களிடமே இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். 'உங்கள் சினைப்பைகளை இடம் மாற்றி வைக்கலாமா என்று பார்க்கட்டுமா? முடியாதென்றால், அதன் பிறகு ஹார்மோன் மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று பேசலாமா?' வேண்டாம் என்று அவள் சொல்லலாம். சொல்ல வேண்டியவள் அவள்.