வரிசையே இல்லாத காத்திருப்பு

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் ‘விசா புல்லட்டின்’ என்றொரு அட்டவணையை வெளியிடுகிறது. எந்த நாட்டில் பிறந்தவர், எந்தப் பிரிவில், எந்தத் தேதிக்குள் விண்ணப்பித்திருந்தால் இப்போது கிரீன் கார்டு வாங்கலாம் என்பதை அது சொல்லிவிடும். வேலை வழியாகத் தரப்படும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அங்குள்ள விதி. அதனால், இந்தியர்கள் பெரும்பாலும் காத்திருக்கும் பிரிவுகளின் தேதி 2025-லும் 2013-ஐத் தாண்டத் திணறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு நங்கநல்லூரிலும் அண்ணா நகரிலும் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு அந்தத் தேதி மனப்பாடம்.

அந்த வேதனை பொய்யில்லை. வேலை போனால் நாட்டைவிட்டே போக வேண்டும் என்ற பயத்தோடு பன்னிரண்டு ஆண்டு வாழ்வது லேசான காரியமல்ல. கூடவே வளர்ந்த பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுபோகும் கொடுமையும் உண்டு. ஆனாலும் காத்திருப்பவருக்கென்று ஒரு தேதி இருக்கிறது. அது சில மாதம் பின்னுக்குப் போகும். என்றாலும் அது அவருடைய தேதி. 2000-ல் வந்த ஒரு சட்டம், ஆறு ஆண்டு கடந்தபின்னும் எச்-1பி விசாவை நீட்டித்துக்கொண்டு வேலையில் தொடர வழி செய்தது. 2015 முதல், வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவரின் மனைவியோ கணவரோகூட வேலைக்குப் போகலாம். காத்திருக்கும் காலத்துக்கும் சில உரிமைகள் வேண்டும் என்பதை அந்த நாடு, அரைமனத்தோடாவது, ஒப்புக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டு அரசில் ஓர் ஆணையரகம் உண்டு: மறுவாழ்வு மற்றும் வெளிநாடுவாழ் தமிழர் நல ஆணையரகம். நியூஜெர்சியில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் தமிழரும், புழல் காவாங்கரை அகதி முகாமில் இந்தியக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் இலங்கைத் தமிழரும் இந்த ஒரே அலுவலகத்தின் பொறுப்பு. முன்னவருக்கு ஒரு வரிசை இருக்கிறது, அது நீளமானது. பின்னவருக்கு வரிசையே கிடையாது. ‘தாமதம்’ என்ற சொல்லை இரண்டுக்கும் பொதுவாகப் போடுவதே தவறு என்று நினைக்கிறேன்.

1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு 3 லட்சத்துக்கும் அதிகமான இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் முதல்வர் சொன்ன கணக்குப்படி 58,822 பேர் முகாம்களிலும், 34,087 பேர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியிலும் இருந்தார்கள். வடசென்னையை ஒட்டிய முகாம்கள் புழலும், அதே ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் வரும் கும்மிடிப்பூண்டியும். முகாம் ஆண்களில் பலருக்குப் பெயின்ட் வேலைதான் சோறு போடுகிறது. பட்டம் வாங்கிய பிள்ளைகளும் பிரஷ்ஷைத்தான் பிடிக்கிறார்கள். அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாமல் கப்பல் வேலைக்கான சி.டி.சி. சான்றிதழ் கிடையாது, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வளரும் பையனுக்குக் கப்பலில் ஏற வழி இல்லை. ‘செக்கிங்’ நாளில் வருவாய் ஆய்வாளர் வரும்போது ஆள் முகாமில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும். உளவு பார்க்கும் கியூ பிரிவு போலீஸின் கண் எப்போதும் மேலே இருக்கும். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இறுகிய பிடி இது. அந்த வருடம் பிறக்கவே பிறக்காதவர்களும் இன்று அதற்குள் வாழ்கிறார்கள்.

இதே கரை இன்னொரு கூட்டத்தை எப்படி வரவேற்றது என்பதை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1964-ல் பர்மாவில் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, பெரிய நோட்டுகளையும் செல்லாததாக்கியது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு இந்திய வம்சாவளியினர் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. துறைமுகத்துக்கு எதிரே 1969-ல் பர்மா பஜார் வந்தது. அதே ஆண்டு, தாயகம் திரும்பியவர்களுக்குக் கடன் கொடுக்கவென்றே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. இன்று அங்கே வீட்டுக் கடன் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்! அவர்கள் கொண்டுவந்த அத்தோவும் மொய்ங்காவும் சென்னைச் சாப்பாடாகிவிட்டன. அவர்களோடு வந்த பீலிக்கான் முனீஸ்வரர் வியாசர்பாடிச் சாமியாகிவிட்டார்.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குடிசை, வெள்ளம், தொழிலற்ற ஆண்டுகள் எல்லாம் அவர்கள் கதையிலும் உண்டு. ஆனால் கப்பலிலிருந்து இறங்கும்போதே அவர்களைத் தாயகம் திரும்பியவர்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டது. ரேஷன் அட்டையும் ஓட்டும் அதன் பின்னாலேயே வந்தன. ஓட்டு இருந்ததால் தெருவிளக்குக் கேட்க முடிந்தது. புழல் முகாமுக்கும் வியாசர்பாடிக்கும் சில கிலோமீட்டர்தான் இடைவெளி; பேசும் மொழி ஒன்று; கடல் தாண்டி வந்த காரணமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு தலைமுறையில் ஊர்க்காரர் ஆவதற்கும், மூன்று தலைமுறை கழிந்தும் அகதியாகவே இருப்பதற்கும் நடுவில் நின்றது வந்த நாளில் கொடுக்கப்பட்ட, அல்லது கொடுக்கப்படாத, ஒரு காகிதம்.

இதில் வயிறெரிய வைக்கும் விஷயம் வேறொன்று. முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் கொண்டுபோன தமிழ்நாட்டுக் கூலிகளின் வாரிசுகள். 1948-ல் இலங்கை இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இவர்களைக் கேட்காமலேயே இவர்களைப் பங்கு போட்டது: 5,25,000 பேருக்கு இந்தியா, 3,00,000 பேருக்கு இலங்கை. மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். இந்தியா வாங்கிக்கொள்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட அந்தப் பங்கில் பல்லாயிரம் பேர், மனுக் கொடுத்துவிட்டோ கடவுச்சீட்டே வாங்கிவிட்டோ, கப்பல் ஏறாமல் நின்றார்கள். இலங்கையில் போர் மூண்டது. தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனது. பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கள்ளத்தோணியில் இதே ராமேஸ்வரத்துக்கு வந்தபோது, அவர்கள் தாயகம் திரும்பியவர்கள் ஆகவில்லை, அகதிகளாகப் பதிவானார்கள். முறையான கப்பலில் வந்திருந்தால் நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கலாம். தோணியில் வந்ததால் முகாம்.

2003-ல் திருத்தப்பட்டு 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது. செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. அவர் பதிவு மூலமும் குடியுரிமை கேட்க முடியாது, நீண்டகாலம் வாழ்ந்ததைக் காட்டியும் கேட்க முடியாது. குண்டு விழும்போது குடிவரவு அலுவலகத்தில் போய் முத்திரை வாங்கி வந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. பலர் அறியாத இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், மற்றவர் இந்தியராகவே இருந்தாலும், 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. முகாம் பையன் ஒருவன் ரெட்ஹில்ஸ் பெண்ணைக் கட்டினால், பிள்ளை அம்மாவின் நாட்டைச் சேர்ந்ததாகாது. இந்த நிலைமையைச் சட்டம் போட்டவர்கள் யோசித்துத்தான் போட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

கதவில் ஒரு சந்தும் உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், இதை வைத்துத்தான் 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கடவுச்சீட்டு உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் புதிதாக எதையும் பெறவில்லை. பிறந்த அன்றே தனக்கு இருந்ததை 36 ஆண்டு கழித்து அரசை ஒப்புக்கொள்ள வைத்தார். இதே நிலையில் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் யாராவது இருந்தால், முதலில் தேட வேண்டியது பிறப்புச் சான்றிதழைத்தான். எஸ்.சி. சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாகச் சான்றிதழ் சான்றிதழ் என்று அடித்துக்கொண்டது இதனால்தான். எந்த நாட்டுக் கதவு திறந்தாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நீதிமன்றம் முயலாமலில்லை. 2019 ஜூன் 17-ல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளி முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களை வாங்கி மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயர் அதில் இருந்தது. இலங்கை இல்லை. இந்துக்களைக் காப்பதாகச் சொன்ன சட்டம், கோயில் கட்டிக் கும்பிட்டுக்கொண்டு முகாமில் கிடக்கும் இந்துக்களை எப்படி மறந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து நேரான பதில் இதுவரை வரவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா ஒன்றும் சத்திரமல்ல என்ற கருத்து உதிர்ந்தது. சத்திரத்தில் யாரும் நாற்பது ஆண்டு தங்குவதில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.

2025 செப்டம்பரில் ஓர் அசைவு தெரிந்தது. புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் உள்துறை வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இது குடியுரிமை ஆகாது. ஆனால் இதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு 2015-லும், ஆப்கானிஸ்தான் சிறுபான்மையினருக்கு 2016-லும் முதலில் இப்படித்தான் விலக்கு வந்தது. அந்த விலக்கு பெற்றவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்பதை 2019 திருத்தம் சேர்த்தது. முதல் படியில் இலங்கைத் தமிழரை ஏற்றியாகிவிட்டது. இரண்டாவது படியை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இவர்கள் எல்லோரும் இங்கேயே தங்கிவிட்டால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. திரும்பிப் போக விரும்புகிறவர்களும் முகாம்களில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தடையில்லாமல் வழிவிட வேண்டும். ஆனால் ஓர் இனத்தின் எண்ணிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பைப் புழலில் பிறந்து, யாழ்ப்பாணத்தைப் படத்தில் மட்டும் பார்த்த இருபது வயதுப் பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமா? எங்கே வாழ்வது என்பதை அவள் சொல்லட்டும். 1964-ல் கேட்காமல் பங்கு போட்டது போதும்.

இத்தனை பெரிய சிக்கலை அவ்வளவு சீக்கிரம் தீர்த்துவிட முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். இலங்கையைப் பாருங்கள். இவர்களை நாடற்றவர்களாக்கிய அதே நாடு, 2003 அக்டோபரில் ஒரு சட்டம் போட்டு, மிச்சமிருந்த மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை தந்தது. ஐ.நா. அகதிகள் அமைப்பும் தொழிற்சங்கங்களும் தோட்டம் தோட்டமாக முகாம் போட்டன. பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் குடிமக்களானார்கள். 55 ஆண்டு இழுத்த விவகாரம்.

தமிழ்நாடு அரசு 2021-ல் முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. வீடுகள் கட்டித் தருகிறது. நல்லது. ஆனால் பெயர் மாறிய முகாமும் முகாம்தான். குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது என்பது உண்மை. விண்ணப்பத்தை முதலில் வாங்குவது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்பதும் உண்மை. 2009 குடியுரிமை விதிகளின்படி ஆட்சியர் 60 நாளுக்குள் மாநில அரசுக்கும், மாநில அரசு அடுத்த 30 நாளுக்குள் மத்திய அரசுக்கும் மனுவை அனுப்ப வேண்டும். மனுவை வாங்கினால்தானே இந்தக் கெடு ஓடத் தொடங்கும்? முகாம்வாசிகளின் மனுவை வாங்காதே என்ற பழைய அறிவுறுத்தல்தான் இத்தனை ஆண்டு மாவட்ட அலுவலகங்களில் பேசியது. சென்னை, திருவள்ளூர் ஆட்சியர்கள் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம் போட்டு, இந்திய வம்சாவளியினர், இங்கே பிறந்தவர்கள், இந்தியரை மணந்தவர்கள் என்று பிரித்து மனுக்களை வாங்கட்டும். ஒவ்வொருவர் கையிலும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டைக் கொடுக்கட்டும். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. தலைமைச் செயலகத்திலிருந்து ஒரு கடிதம் போதும்.