குடும்பத்துக்கு வருமான வரம்பா?

ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் குடிமக்கள் வெளிநாட்டிலுள்ள கணவரையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள, ஆண்டுக்கு 18,600 பவுண்ட் சம்பாதிக்க வேண்டும் என்று 2012-இல் விதி வந்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆக உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர் அங்கே எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அது கணக்கில் வராது.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பெண், வெளிநாட்டிலுள்ள கணவரை அழைத்துக்கொள்வதற்காக ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளைக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். இரவுப் பணியும் பார்க்கிறார், தொகை எட்டவில்லை. அப்பா எங்கே என்று கேட்டால், அவருடைய மூன்று வயது மகன் கைப்பேசியைக் காட்டுகிறான்.

முழுநேரம் உழைத்துக் குறைந்தபட்ச ஊதியம் பெறுபவரும் குடும்பத்தோடு வாழும் அளவுக்கு அரசு இந்த வரம்பைக் குறைக்க வேண்டும்.

ஒரு வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து