நரகம் இல்லையென்றால் நல்லவனாக இருக்க மாட்டீர்களா?

இன்றிரவு செத்துப்போனால் எங்கே போவாய் என்று கேட்கும் துண்டுப் பிரசுரத்தை பஸ் ஸ்டாண்டில் வாங்காதவர்கள் நம்மில் குறைவு. ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் பொன்வீதி, கடைசியில் சொல்ல வேண்டிய ஜெபம். நானும் சபைக்குப் போகிறவன்தான். நரகம் உண்டா இல்லையா என்று பேச வரவில்லை. நரகத்தைக் காட்டி ஒருவனைக் கிறிஸ்தவனாக வாழவைத்துவிடலாம் என்று நினைக்கிறார்களே, அதோடுதான் எனக்குச் சண்டை.

இந்த வகைப் பிரசங்கத்துக்கு ஒரு தாத்தா உண்டு என்றால் அது ஜொனாதன் எட்வர்ட்ஸ்தான். இன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் என்ஃபீல்டு என்ற ஊரில், 1741 ஜூலை 8 அன்று அவர் செய்த பிரசங்கம் இன்றும் பேசப்படுகிறது. கோபங்கொண்ட தேவனின் கையில் பாவிகள் என்பது தலைப்பு. நெருப்புக்கு மேலே பிடிக்கப்பட்ட சிலந்தியைப் போல நீ இருக்கிறாய், அந்தக் கை விட்டால் போச்சு என்பதுதான் செய்தி. கூட்டத்தில் எழுந்த அலறலில் அவர் பேச்சையே நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் ஊழியக்காரர்கள் பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே எட்வர்ட்ஸ் 1746-இல் பக்தி உணர்வுகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். எழுப்புதலின்போது அழுது புரண்டவர்களில் பலர் பழைய வாழ்க்கைக்கே திரும்பியதைக் கண்ட பிறகு எழுதியது. அதில் அவர் சொல்வது என்ன தெரியுமா? நரகத்துக்குப் பயப்படுவதும், நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்படுவதும் மெய்யான பக்திக்கு அடையாளமே அல்ல. தன்மேல் ஆசை உள்ள எவனுக்கும் அது வரும். எனக்கு என்ன லாபம் என்ற கணக்கில் அல்ல, கடவுள் எவ்வளவு அழகானவர் என்று காண்பதில்தான் மெய்யான அன்பு தொடங்குகிறது. நரகப் பிரசங்கத்தின் தாத்தாவே இப்படிச் சொல்லிவிட்டார்!

நம் ஹாஸ்டல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்டனின் செருப்புச் சத்தம் கேட்டதும் லைட்டை அணைத்துவிட்டுக் குறட்டை விடுகிற நம்மை யாராவது ஒழுக்கசீலர்கள் என்பார்களா? :-)

இன்னொரு விஷயம் இதைவிடக் கனமானது. எட்வர்ட்ஸ் ஊழியம் செய்த நார்தாம்ப்டனில் எழுப்புதல் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த 1735 ஜூனில், அவருடைய உறவினரான ஜோசப் ஹாலி என்ற வணிகர், தன் ஆத்துமாவின் கதி என்னவோ என்ற தீராத கவலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்வர்ட்ஸ் இதை மறைக்கவில்லை, தானே எழுதி வைத்திருக்கிறார். மனச்சோர்வு அந்தக் குடும்பத்தில் உண்டு என்றும் சாத்தானின் வேலை என்றும் காரணம் சொன்னார். மனச்சோர்வு இருந்திருக்கலாம். அப்படியானால் கேட்கிறேன், எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யார் மனம் எவ்வளவு தாங்கும் என்று பிரசங்கிக்கு எப்படித் தெரியும்? அலறுகிறவன் அடுத்த வாரம் மறந்துவிடுவான். சத்தம் போடாமல் வீட்டுக்குப் போகிறவன்தான் ராத்திரி தூங்காமல் கிடப்பான்.

"இயேசுவே நரகத்தைப் பற்றிப் பேசினாரே, பரலோகத்தில் பலன் உண்டு என்றாரே" என்பார்கள். பேசினார், மறுக்கவில்லை. எதற்காகப் பேசினார் என்று பாருங்கள். லூக்கா 16-இல் ஐசுவரியவான் வேதனைப்படுகிறான். அவன் வாசலில்தான் லாசரு பசியோடு கிடந்தான். மத்தேயு 25-இல் தள்ளப்படுகிறவர்கள் பசித்தவனுக்குச் சோறு போடாதவர்கள். அவர் காட்டியது வாசலில் கிடப்பவனை. நாம் காட்டுவது பிரசுரத்தின் கடைசிப் பக்கத்து ஜெபத்தை!

அதே மத்தேயு 25-இல் வலதுபக்கம் நிற்பவர்களையும் கவனியுங்கள். உமக்கு எப்போது சாப்பாடு கொடுத்தோம் என்று திகைத்துப்போய்க் கேட்கிறார்கள். பலனுக்காகச் செய்திருந்தால் தேதிவாரியாகக் கணக்கு வைத்திருக்க மாட்டார்களா? கணக்கு வைத்திருந்தவன் யார் என்றால், கெட்ட குமாரன் கதையில் வரும் மூத்த மகன். இத்தனை வருஷம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டி உண்டா என்று வாசலிலேயே நின்றுவிட்டான்.

பலனை எதிர்பார்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. சி. எஸ். லூயிஸ் 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த பிரசங்கத்தில் இதை நன்றாகப் பிரித்துக் காட்டினார். பணத்துக்காக ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறவன் கூலிக்காரன். காதலித்தவளையே கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவனை அப்படிச் சொல்ல மாட்டோம். கடவுளோடு இருப்பதுதான் பரலோகம் என்றால் அதை விரும்பலாம், தாராளமாக. பொன்வீதிக்காக என்றால் அது வரதட்சணைக் கல்யாணம்.

மோசே, என் ஜனங்களை மன்னியும், இல்லையென்றால் என் பேரையும் உமது புத்தகத்திலிருந்து கிறுக்கிப்போடும் என்று சண்டைக்கு நின்றார். பவுல் தன் இனத்தாருக்காகக் கிறிஸ்துவை விட்டே பிரிக்கப்படத் தயார் என்று ரோமருக்கு எழுதினார். பரலோக டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கத் துணிந்த இந்த இருவரைப் பற்றி, விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஆறு வயசுக் குழந்தைக்கு நெருப்புப் படம் காட்டுகிறவர்கள் என்ன பாடம் நடத்துவார்கள்?