உண்டியல் காசு யாருடையது?

"காசு இல்லடா கண்ணு" என்று ஒரு நான்கு வயது வாண்டிடம் சொல்லிப் பாருங்கள். "ஏடிஎம்ல எடுத்துக்கோப்பா" என்று பதில் வரும். இப்போதெல்லாம் அதுகூட இல்லை. "போன்ல இருக்குல்ல, ஸ்கேன் பண்ணு" என்கிறது. அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஆபீசில் சொல்கிறார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். சித்தி, பெரியம்மா எல்லாரும் சிரிக்கிற பொம்மை அனுப்புகிறார்கள். பாட்டி சுற்றிப் போடுகிறாள்.

அதே வாண்டு ஏழு வயதில் பத்து ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கட்டும். அதே அப்பாதான்! "காசோட அருமை தெரியுதா உனக்கு? நாங்கல்லாம் அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஓடும்.

தெரியாதுதான் சாமி. நடுவில் மூன்று வருடம் சிரித்தீர்களே தவிர, யார் சொல்லிக் கொடுத்தது?

முதலில் அந்தச் சிரிப்பையே கொஞ்சம் பார்ப்போம். பொடிசுகளுக்குக் காசு பற்றி இருக்கும் கருத்துகள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இத்தாலியில் அன்னா எமிலியா பெர்ட்டி, அன்னா சில்வியா போம்பி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1981-ல் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் கடையில் காசு கொடுக்க வேண்டும் என்பதே தெரியாது. அப்புறம் எந்தக் காசுக்கும் எதையும் வாங்கலாம் என்ற நினைப்பு. பிறகுதான் இந்தப் பொருளுக்கு இந்தக் காசு போதாது என்று புரிகிறது. மீதிச் சில்லறை புரிவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அதுவரைக்கும் கடைக்காரர் ஏன் காசு தருகிறார் என்பது ஒரு மர்மம். யோசித்தால் நியாயமான மர்மம்தானே? ஒரே ஒரு தாளை நீட்டினால் மிட்டாயும் வருகிறது, கூடவே மூன்று நாணயமும் வருகிறது. ஒன்று கொடுத்து நாலு வாங்கியாச்சு! எந்தக் குழந்தைதான் கடையைக் காசு விளையும் இடம் என்று நினைக்காது?

பெரிய நாணயம்தான் அதிக மதிப்பு என்று பிள்ளைகள் சொல்வதும் இப்படித்தான். பழைய 2 ரூபாய் நாணயம் பழைய 5 ரூபாயைவிட அகலமானது. அதனால் பிள்ளை 2 ரூபாயைப் பொத்தி வைத்துக்கொண்டு 5 ரூபாயைத் தந்துவிடும். மாமாக்கள் இதையே ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் 11.66 கிராம். அரை ரூபாய் அதில் சரிபாதி எடை, கால் ரூபாய் அதில் கால் பங்கு. அந்தக் காலத்தில் இந்தக் குழந்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காசின் மதிப்பு உலோகத்திலிருந்து பிரிந்து அரசாங்கத்தின் வாக்குறுதிக்குப் போனதை யாரும் அதனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாமாவைக் கேட்டாலும் 'ஙே' என்றுதான் விழிப்பார், அது வேறு கதை.

ஸ்காட்லாந்தில் குஸ்தாவ் யஹோடா என்ற உளவியலாளர் 1970-களின் கடைசியில் கிளாஸ்கோ நகரத்துப் பிள்ளைகளிடம் கடை, பேங்க் பற்றியெல்லாம் விசாரித்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றுதான். லாபம் என்ற சங்கதியே கிடையாது. பேங்க் என்றால் நம் காசைப் பத்திரமாகப் பூட்டி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் இடம். வட்டி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

சிரிப்பு வருகிறதா? வட்டி எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பெரியவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் எல்லாரும் நான்கு வயதுக் குழந்தைகளா? 2022-ல் மாதம் 30 சதவிகிதம் வரை வட்டி என்று சொன்ன நிதி நிறுவனத்தின் வாசலில் நின்றவர்களுக்கு மீசை இருந்ததே! மாதம் 30 என்றால் கூட்டிப் பார்க்க வேண்டாமா? எந்த வியாபாரத்தில் அப்படி லாபம் வரும், நமக்குக் கொடுக்கும் அவருக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா? குழந்தை "பேங்க்ல கேட்டா குடுப்பாங்க" என்றால் ஜோக். அப்பா அதையே நம்பி அத்தையின் நகையையும் சேர்த்து அடகு வைத்தால் அது முதலீடாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காசின் அருமையைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? ஒரு உண்டியல். மண் உண்டியல் போய் பிளாஸ்டிக் பன்றி வந்தாச்சு. "சேத்து வை ராசா, சைக்கிள் வாங்கலாம்." பிள்ளையும் கர்ம சிரத்தையாகப் போடும். தீபாவளிக்கு மாமா கொடுத்த 100, ஊருக்குக் கிளம்பும்போது அத்தை கையில் திணித்த 200, பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த 50. விருந்தாளி வாசல் தாண்டியதும் ஒரு கை நீளும். "குடு, அம்மா எடுத்து வைக்கிறேன்."

இந்த 'எடுத்து வைக்கிறேன்' இருக்கிறதே, தமிழில் இதற்கு இணையான நிதிச் சொல் வேறு கிடையாது. எடுப்பது உண்மை. வைப்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. கேஸ் சிலிண்டர் வந்த அன்று உண்டியலின் வயிறு கத்தியால் நெம்பப்பட்டிருக்கும். சில வீடுகளில் அந்த 200 ரூபாய் அன்றைக்கே கை மாறி அத்தையின் பிள்ளைக்குத் திரும்பிப் போயிருக்கும். அது பரிசு அல்ல, மொய். பிள்ளைகள் வெறும் கவர்!

இதை பி.காம். முதல் வருட மாணவனிடம் கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். மாமா கொடுத்தது குழந்தைக்கு. அம்மா வாங்கி வைத்திருக்கிறாள். அப்படியென்றால் குழந்தை கடனீந்தோர், அம்மா கடனாளி. வீட்டின் இருப்புநிலைக் குறிப்பில் அந்த 100 ரூபாய் பொறுப்புப் பக்கம் நிற்க வேண்டும். எந்த வீட்டில் நிற்கிறது? "என் காசு எங்கம்மா?" என்று கடனீந்தோர் கேட்டால், "உனக்குச் சோறு போடறது யாரு? ஸ்கூல் பீஸ் கட்டறது யாரு?" என்று பதில் வருகிறது. நாலைந்து தடவை கேட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தை தன் பேரேட்டில் வாராக்கடன் என்று எழுதி மூடிவிடுகிறது. அப்புறம் அது செய்கிற காரியம் என்ன தெரியுமா? மாமா கொடுத்ததும் நேராகக் கடைக்கு ஓடிச் செலவழிப்பது. ஊதாரி என்று திட்டு விழும். அது ஊதாரித்தனமா? கையில் இருந்தால் பிடுங்கப்படும், வயிற்றுக்குள் போனால் நம்முடையது. பக்காவான நிதி முடிவு!

இது சும்மா வாய்ச்சவடால் இல்லை, சோதித்துப் பார்த்த விஷயம். அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2013-ல் வெளியிட்டார்கள். முதலில் படம் வரையும் விளையாட்டு. "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்" என்று ஆய்வாளர் வாக்குக் கொடுக்கிறார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பாதிக்கு "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று கையை விரித்தார். பிறகு அந்தப் புகழ்பெற்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய் சோதனை. 15 நிமிடம் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்டவை 3 நிமிடம். முழு நேரமும் தாக்குப் பிடித்தவர்கள் முதல் கூட்டத்தில் 14-ல் 9 பேர், இரண்டாவதில் 14-ல் ஒரே ஒருவர். பொறுமை இல்லாத பிள்ளை என்று பட்டம் கட்டுகிறோமே, எதிரே நிற்பவரின் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அது கணக்குப் போட்டிருக்கலாம்.

பள்ளிக்கூடத்து சஞ்சாயிகா இந்த விஷயத்தில் வீட்டைவிட யோக்கியமாக இருந்தது. பிள்ளையின் பெயரிலேயே பாஸ்புக். போட்டது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு என்று எழுத்தில் இருக்கும். ரிசர்வ் வங்கியும் 10 வயது நிரம்பிய பிள்ளை தானே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று 2014-லேயே வழிவிட்டது. 2025-ல் அதை மறுபடி தெளிவாக எழுதிக் கொடுத்தது. நாட்டின் மத்திய வங்கி நம்புகிற பிள்ளையை வீட்டில் 20 ரூபாய்க்கு நம்ப மாட்டோம்.

அடுத்து அந்த "காசு இல்லை". இதுவும் பெரும்பாலும் பொய். "வாங்கித் தர விருப்பமில்லை" என்பதன் சுருக்கம். ரிமோட் காருக்கு 'காசு இல்லை' என்ற அதே சாயங்காலம் புடவைக் கடையில் நாலாயிரத்துக்கு பில் போட்டால், பக்கத்தில் நிற்கும் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? "காசு இருக்கு, ஆனா இந்த மாசம் இதுக்கு இல்ல. ஏன்னா வாடகை இவ்வளவு, பால் இவ்வளவு" என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? ஆனால் நம் வீடுகளில் சம்பளம் என்பது ராணுவ ரகசியம். பெரியவர்கள் காசு பேசும்போது பிள்ளையை "போய் விளையாடு" என்று விரட்டுவோம். பிறகு அதே பிள்ளைக்குக் காசின் அருமை தானாகத் தெரிய வேண்டும்!

நிஜமாகவே காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த வகுப்பெல்லாம் தேவைப்படுவதில்லை. யஹோடா பிற்பாடு ஜிம்பாப்வேயிலும் இதே லாபக் கேள்வியைக் கேட்டு 1983-ல் எழுதினார். அங்கே 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள் ஐரோப்பியப் பிள்ளைகளை முந்திவிட்டார்கள். அவர்கள் சிறு வியாபாரத்தில் கூட நிற்பவர்கள், அதனால் வாங்கும் விலை விற்கும் விலை வித்தியாசம் அத்துப்படி. பிரேசிலின் ரெசிபி நகரத் தெருக்களில் 1985-ல் வெளியான இன்னொரு ஆய்வு. தேங்காய் விற்கும் 12 வயதுப் பையன். ஒரு காய் 35 குருசேரோ, நாலு காய் எவ்வளவு? மூன்றுக்கு 105, மேலே 30, அப்புறம் 5 என்று மனசுக்குள்ளேயே கூட்டி 140 என்று சொல்லிவிட்டான். அதையே 35 பெருக்கல் 4 என்று காகிதத்தில் கொடுத்தபோது விடை 200! 2025-ல் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதே கதைதான் என்று அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள். கூட ஒரு விஷயமும் உண்டு. வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் தாளில் பரவாயில்லை, சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

உடனே "அப்போ பிள்ளைங்களை மார்க்கெட்டுக்கு அனுப்பச் சொல்றியா?" என்று சண்டைக்கு வராதீர்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தராசு பிடிப்பது கொடுமை, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு உபதேசம் யாரும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கையில் காசு இருந்தது, அதற்கு அது பதில் சொல்ல வேண்டியிருந்தது. வசதியான வீட்டில் வாரம் 20 ரூபாய் கொடுத்து, "இது உன்னோடது, முடிஞ்சா முடிஞ்சதுதான், அடுத்த ஞாயித்துக்கிழமைதான் மறுபடி" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வாயை மூடிக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் உண்டு? திங்கட்கிழமையே தின்று தீர்க்கும். செவ்வாய்க்கிழமை அழும். அழட்டும். ஏழு வயதில் 20 ரூபாய் ஏமாந்தால் ஒரு வார அழுகை. நாற்பது வயதில் ஈமு கோழியில் ஏமாந்தால்? வாரம் 20 கொடுக்க முடியாத வீடுகளும் உண்டு. அங்கே மளிகைச் சீட்டையும் மீதிச் சில்லறையையும் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பினால் போதும்.

இதில் யாரும் பேசாத ஒன்று பெண் பிள்ளைகளின் கதை. பையன் பெரியவனானதும் "ஆம்பளப் பையன், கையில நாலு காசு இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். பெண்ணிடம் நீண்ட கை மடங்குவதே இல்லை. ஆறு வயதில் "உனக்கு எதுக்குக் காசு, குடு, நான் வச்சிருக்கேன்" என்று அம்மா சொன்னாள். இருபத்தாறு வயதில் வேலைக்குப் போகும் அதே பெண்ணிடம் மாமியாரோ புருஷனோ அதே வாக்கியத்தைச் சொல்லி ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பின் நம்பரும் அவர்களிடம்தான். அவளுக்கு ஏனென்று கேட்கக்கூடத் தோன்றுவதில்லை. பஸ் காசை எண்ணி வாங்கிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புகிறாள். அவள் பார்க்கும் வேலை, பேங்கில் கேஷியர்.