எப்படி விழுந்தோம் என்று கேட்போம்

தார்ச்சாலை முடிந்து மண்தடமும் சரளைக்கற்களும் தொடங்கும் இடங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டி விழுந்தவர்களை எலும்பு சிகிச்சைப் பிரிவில் நாங்கள் அவ்வப்போது காண்கிறோம். அவர்களுடைய படுக்கையருகே இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. "இது உனக்குத் தேவைதானா?" என்று குடும்பத்தார் கேட்கின்றனர். "மறுபடியும் எப்போது ஓட்டலாம்?" என்று விழுந்தவர் கேட்கிறார். "எப்படி விழுந்தோம்?" என்ற மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் கருத்து.

விழுந்த விதம் மருத்துவருக்கு வழிகாட்டுகிறது. தோள் தரையில் மோதியிருந்தால் காரை எலும்பைக் கவனிக்கிறோம். உள்ளங்கையை ஊன்றி விழுந்திருந்தால் மணிக்கட்டின் சிற்றெலும்புகளில் ஐயம் கொள்கிறோம். அவற்றுள் ஒன்றான படகெலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். கட்டைவிரலின் அடியில் வலி நீடித்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடியும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். விழுந்த கணம் நினைவிலேயே இல்லை என்றால், அந்த மறதியும் மூளை அதிர்ந்ததன் அடையாளமாகலாம். அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

விழுந்ததற்கான காரணங்களும் பெரும்பாலும் அறியக்கூடியவையே. சரளையில் முன்சக்கர பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுழல்வது நின்று, வண்டி திருப்பத்துக்குக் கட்டுப்படாமல் சறுக்கும். தவிர்க்க வேண்டிய கல்லையே உற்றுப் பார்த்தால் வண்டியும் அதை நோக்கியே செல்லும். களைப்பு மிகுந்தால் கை தாமதிக்கும். "எல்லாம் விதி" என்போரும் "எல்லாம் என் தவறு" என்போரும் இவற்றை ஆராயாமலே நின்றுவிடுகின்றனர். இது அனுபவமற்றவர்களுக்கு மட்டுமே நேர்வதும் அன்று. தக்கார் பந்தயத்தை நிறைவுசெய்த முதல் இந்தியரான சி. எஸ். சந்தோஷ், 2021 ஜனவரியில் சவூதி அரேபியாவில் அதே பந்தயத்தில் விழுந்து, தலைக்காயத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கடிந்துகொள்ளும் குரலில் கேட்கப்படும் கேள்விக்கு உண்மையான விடை கிடைக்காது. வண்டியை விற்றுவிடுவார்களோ என்று அஞ்சுகிறவர் தலைசுற்றலை மறைப்பார். வலி இல்லை என்பார். அந்த மௌனத்தால் வரும் ஆபத்து பெரிது. முதல் சில நாட்கள் அவர் ஓய்வெடுக்கட்டும். பின்னர் ஒருநாள் அமைதியாகக் கேளுங்கள்; குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் பொறுமை கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் தெளியாத உறக்கம் ஆகியவற்றைக் கண்டால் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மாவுக்கட்டுக்குள் வலி கூடி விரல்கள் மரத்துப்போனாலும், நிறம் மாறினாலும் அவ்வாறே செய்யுங்கள்.

மற்றவற்றுக்குக் காலம் வேண்டும். பெரியவர்களுக்குக் காரை எலும்பு கூடப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. வலி குறைந்ததாலேயே எலும்பு கூடிவிட்டதாகக் கொள்ளலாகாது. புகைபிடித்தல் அது கூடுவதைத் தாமதப்படுத்தும். மூளை அதிர்ச்சி முழுதும் தணியுமுன் தலையில் மறுபடி அடிபடுவது மிகுந்த தீங்கு தரும். ஆகவே மருத்துவர் இசைவு தரும்வரை எந்தப் பாதையிலும் வண்டி ஓட்ட வேண்டாம். மோதலில் அடிவாங்கிய ஹெல்மெட், வெளியில் கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி அணியத் தக்கதன்று. கெட்ட கனவும் அச்சமும் ஒரு மாதம் கடந்தும் தொடர்ந்தால், அதையும் ஒரு காயமாகவே கருதி எங்களிடம் கூறுங்கள்.

மீண்டும் மண்பாதைக்குச் செல்வதா, வேண்டாமா என்பதை விழுந்தவரே குடும்பத்தாருடன் கலந்து முடிவு செய்யட்டும். விழுந்ததன் காரணத்தை அறிந்தபின் எடுக்கும் முடிவு எதுவாயினும் அதை நாங்கள் மதிப்போம். அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் எழுதி வாருங்கள்: எந்த இடம், என்ன வேகம், எந்தப் பக்கம் சாய்ந்தீர்கள், கடைசியாக நினைவில் நிற்பது எது. அன்று அணிந்திருந்த ஹெல்மெட்டையும் உடன் எடுத்து வாருங்கள்.