மேடை மாறியது, எமக்குத்தான் தெரியவில்லை

சிறுபோக வெட்டு முடிந்த கையோடு எமது கிராமத்துத் தாயொருவர் பேரப்பிள்ளையைக் கொழும்பில் கிளினிக்கில் காட்டிவிட்டு ஊர் திரும்பப் புறப்பட்டார். ஒரு மணித்தியாலம் முந்தியே நிலையத்துக்கு வந்து, ரிக்கற்றும் எடுத்து, காட்டிய மேடையில் பிள்ளையோடு இருந்திருக்கிறார். ஒலிபெருக்கி இரண்டு முறை சிங்களத்தில் ஏதோ சொன்னது. சுற்றியிருந்தவர்கள் எழுந்து மேம்பாலப் படிகளில் ஏறினார்கள். வேறு ரயிலுக்குப் போகிறார்களாக்கும் என்று அவர் நினைத்தார். கடைசியில் கச்சான் விற்ற ஒரு சிங்களத் தம்பிதான், "அம்மா, யாழ்ப்பாணம் கோச்சி அந்தப் பக்கம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்தியிருக்கிறார். பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குவதற்குள் ரயில் போய்விட்டது. இரவு முழுவதும் வாங்கில் இருந்து, மறுநாள் வேறு ரிக்கற் எடுத்து வந்து சேர்ந்தார். அந்தக் காசு பயறு விற்ற காசு.

"ஏன் அம்மா, கவுண்டரில் கேட்டிருக்கலாமே?" என்றோம். "கேட்டால் ஏசுவாங்கள் எண்டு பயந்திட்டன்" என்றார்.

இந்தப் பதில்தான் எம்மை எழுதத் தூண்டியது. கச்சான் விற்கும் பிள்ளை சொன்னதைச் சம்பளம் பெறும் நிலையம் சொல்லவில்லை என்பது ஒரு குறை. ஆனால் நாம் வாய் திறவாமல் இருப்பதும் ஒரு குறைதான். அது எங்கிருந்து வந்தது என்று எமக்குத் தெரியும்.

1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எம்மில் பலருக்கு அதன் பிறகு வவுனியாவே கடைசி நிலையம். அங்கே ரயில் ஏறுவதென்றால் முதலில் பாஸ். பாஸுக்கு வரிசை, வரிசையில் கேள்வி. ஒரு சொல் கூடிவிட்டாலும் பாஸ் கிடையாது. அன்றைய தினம் பேசாமல் இருந்தவர்தான் புத்திசாலி. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது. புதுத் தண்டவாளம், புதுக் கட்டடம் எல்லாம் வந்தன. ஆனால் பாஸ் வரிசையில் பழகிய மௌனத்தோடுதான் நாம் இன்றைக்கும் ரிக்கற் யன்னலில் நிற்கிறோம்.

இனி அப்படி நிற்கத் தேவையில்லை. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்கிறது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் இன்னும் விளக்கமானது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கலாம், தமிழில் பதில் பெறலாம். புகையிரதத் திணைக்களம் அரச திணைக்களம். ஆகவே தமிழில் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதல்ல.

அலுவலர் எல்லாரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. தமிழ் தெரியாத ஒருவரை ஒலிவாங்கியின் முன் இருத்தினால் அவர் என்ன செய்வார்? அவரோடு சண்டை பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தமிழ் தெரிந்த ஒருவரை அமர்த்துவது, அதுவும் இயலாவிட்டால் மேடை மாற்றத்தைத் தமிழில் பதிவு செய்துவைத்து ஒலிபரப்புவது நிருவாகத்தின் வேலை. எத்தனை மேடைகள் இருக்கின்றன? பத்துப் பன்னிரண்டு வசனங்கள் போதும்.

நிருவாகத்துக்கு இது தெரியவேண்டுமானால் எழுத்தில் போகவேண்டும். நிலைய அதிபரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். திகதி, நேரம், எந்த ரயில், எந்த மேடை, அறிவித்தல் எந்த மொழியில் வந்தது, அதனால் என்ன நட்டம் என்பவற்றை எழுதினால் போதும். ரிக்கற்றை வாசலில் வாங்கிக்கொள்வார்கள், ஆகவே இலக்கத்தை முதலே குறித்துவைப்பது நல்லது. பதில் வராவிட்டால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதற்குத் தமிழிலேயே முறைப்பாடு அனுப்பலாம். ஒரு கடிதத்தோடு எல்லாம் நேராகிவிடும் என்று நாமும் நம்பவில்லை. ஆனால் குளத்து வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் எத்தனை தரம் கந்தோருக்கு நடக்கிறோம்! விவசாயிக்கு அலைச்சல் புதிதா?

எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாயின் கடிதத்தை அவருடைய மூத்த பேத்தி எழுதினாள். தாய் கைநாட்டு வைக்கவில்லை, நடுங்கும் கையால் தமது பெயரையே எழுதினார். இரண்டு பிரதிகள். ஒன்று அனுப்பியாயிற்று, மற்றது அவருடைய கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது.